றைஸாவின் வயிற்றுக்கட்டு

மதுரங்குளியில் மீன் கொண்டு திரியும் எந்த வியாபாரியும் றைஸாவின் படலையில் சைக்கிளை நிறுத்த விரும்புவதில்லை. அவள் விலை பேசுவதில்லை, சத்தம் போடுவதுமில்லை. செவுளைத் திறந்து பார்ப்பாள், கண்ணை அமுக்கிப் பார்ப்பாள். பிறகு மீனை விட்டுவிட்டு வியாபாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஒருவன், "ராத்தா, நேத்துப் பிடிச்சதுதான், ஐஸ் போட்டு வெச்சது" என்று கேட்காமலே ஒப்புக்கொண்டு போனான்.

நாலு பேர் கூடின இடத்தில் அவளுக்கு வாய் திறக்க வராது. வாய் திறக்காதவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். பார்த்ததையெல்லாம் அவள் சந்தேகப்பட்டாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினாள். "கொஞ்ச நாளைக்குத்தான் மகள்" என்று வாப்பா சொன்னதை நம்பி, கொப்பிகளை அலுமாரிக்குள் அடுக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள். கொப்பியும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் சொல்லாத ஒன்று இருக்கிறது என்று அவளுக்குப் பட்டுவிடும்.

த்ரீவீல் ஓட்டுகிற லத்தீபைக் கலியாணம் முடித்தாள், மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். கடல்நீரேரிப் பக்கம் இறால் உரிக்கிற கொட்டிலில் சின்னப் பலகையில் குந்தி, கூனிக்கொண்டு ஒன்பது வருடம் வேலை செய்தாள். ஒரு நாள் ஐஸ் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கியபோது கீழ்முதுகில், நாரியில், ஏதோ 'களுக்' என்றது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். லத்தீப் வந்து த்ரீவீலில் குறுக்காகக் கிடத்திக் கொண்டுபோனார்.

சிலாபத்து டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முள்ளந்தண்டின் அடியில் ஒரு வில்லை பிதுங்கியிருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது, சும்மா படுத்துக் கிடக்கவும் கூடாது, பழகப் பழகப் பயிற்சி செய்ய வேண்டும், இப்போதைக்குக் கதிரையில் இருந்து தொழ வேண்டும் என்றார். முதல் மூன்றையும் றைஸா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான்காவது நெஞ்சில் தைத்தது.

புருஷனிடமும் மாமியிடமும் கூடப்பிறந்தவர்களிடமும் சொல்லாத கதையெல்லாம் அவளிடம் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு இருந்தது ஒரே ஒரு இடம். நெற்றி நிலத்தில் பட்டதும் மனதின் பூட்டு தானாகத் திறக்கும். சுஜூதில் கிடந்து ஒவ்வொன்றாக அல்லாஹ்விடம் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழும்புவாள். கதிரையில் இருந்து தலையை மட்டும் குனிந்து கேட்கிறபோது, கச்சேரியில் மனுக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது, தொழுகையும் நிறைவேறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கதை வெளியே வரவில்லை.

அந்த நோன்புக்குப் பெண்கள் தொழுகிற இடத்தில், பின்வரிசைக் கதிரையில் போய் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்த பொக்கைவாய் மூதாட்டி அவளை மேலும் கீழும் பார்த்து, "என்ன புள்ள, நீயும் எங்கட செட்டுக்கு வந்திட்டியா?" என்று கேட்டது. றைஸாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அடுத்த நோன்புக்குள் நெற்றியை நிலத்தில் வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

யோகா வகுப்புப் பற்றிச் சொன்னவள் தையல்கடை நஃபீஸா. சீனி வருத்தத்துக்கு டொக்டர் பயிற்சி செய்யச் சொன்னதால், இந்துக் கிராமமான உடப்பிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்து, கடைக்குப் பின்னால் இருந்த அறையில் எட்டுப் பெண்களைச் சேர்த்திருந்தாள். பெண்ணின் பெயர் சுலக்ஷனா. கொழும்பில் யோகா படித்தவள், இன்னும் முப்பது ஆகவில்லை.

"உடப்புப் பொம்புள படிச்சித் தாறதா?" என்று மாமி ஆசியா உம்மா கேட்டார். "அது அவங்கட வணக்கம் மகள். கைய மேல தூக்கிச் சூரியனக் கும்பிடுவாங்களாம்."

றைஸாவும் அப்படித்தான் நினைத்தாள். அதனால் முதல்நாள் வகுப்புக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய் அறையைப் பார்த்தாள். மூலையில் படம் இருக்கிறதா, சாம்பிராணி மணக்கிறதா என்று பார்த்தாள். யன்னல் சீலையை இழுத்து மூடி, அதற்கு மேலால் லத்தீபின் சாரம் ஒன்றையும் தொங்கவிட்டாள். எல்லாருடைய போனையும் வாங்கி நூல் பெட்டிக்குள் போட்டு மூடினாள். சுலக்ஷனா தன்னுடைய போனையும் எடுத்து நீட்டியபோது, 'இவ்வளவு லேசாத் தாறாள், ரெண்டாவது போன் இரிக்குமோ' என்று யோசித்தாள்.

நஃபீஸா ஒரு நிபந்தனை போட்டாள். "டீச்சர், பயிற்சி மட்டும் போதும். இந்த ஓம் எல்லாம் சொல்லப்படாது."

"ஓம் ராத்தா" என்று சம்மதமாகத் தலையாட்டினாள் சுலக்ஷனா.

மற்ற எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். றைஸா சிரிக்கவில்லை. வேண்டுமென்று சொன்னாளா, வாயில் வந்ததா என்று அவள் முகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

சூரிய வணக்கத்தைச் சுலக்ஷனா தொடவே இல்லை. பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துவது, மல்லாந்து கிடந்து முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது, ஆறுதலாக மூச்சு விடுவது என்று போனது. முழந்தாளிட்டு முன்னால் சாய்ந்து நெற்றியை நிலத்தில் வைக்கிற நிலை வந்தபோதுதான் றைஸா எழுந்து இருந்துவிட்டாள். வகுப்பில் அவள் வாய் திறந்த முதல் தடவை அது. "இது சுஜூது. இதத் தொழுகைக்குத்தான் வெப்பன்."

"அப்ப கைமுட்டியில நெத்திய வையுங்க ராத்தா. நிலத்தில படத் தேவையில்ல" என்றாள் சுலக்ஷனா. ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கேட்காமை றைஸாவுக்குப் பிடித்தது. பிடித்ததை வெளியில் காட்டவில்லை.

அன்றிலிருந்து சுபஹுத் தொழுகை முடிந்ததும், பிள்ளைகள் எழும்ப முந்தி, வகுப்பில் படித்த நிலைகள் எல்லாவற்றையும் செய்தாள். ஒரு நாள்கூட விடவில்லை. சந்தேகக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. பொய் என்று பிடிபடும் வரைக்கும் விடாமல் செய்து பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் முறுகிக் கிடந்த உடம்பு இளகிவிட்டது. குனிந்தால் விரல் பாதத்தைத் தொட்டது. ஆனால் நின்ற நிலையிலிருந்து சுஜூதுக்குப் போகும் வழியில், பாதியில், நாரி பிடித்துவிடும். இரண்டு கிழமை நன்றாக இருக்கும், மூன்றாம் கிழமை கட்டிலோடு கிடத்திவிடும்.

சுலக்ஷனா அவளுடைய முதுகில் கைவைத்துப் பார்த்துவிட்டு யோசித்தாள். "ராத்தா, நீங்க நல்லா வளையிறீங்க. ஆனா வளையக்குள்ள பிடிச்சு வெச்சிருக்க உள்ளுக்கு ஒண்டுமில்ல. கதவத் திறந்து விட்டிருக்கிறம், கொண்டி போடேல்ல."

அடுத்த இரண்டு மாதம் சுலக்ஷனா சனி ஞாயிறுகளில் கொழும்புக்குப் போய் வந்தாள். திரும்பி வந்தபோது பையில் றப்பர் பட்டிகளும் கையளவு பந்துகளும் இருந்தன. இனிச் செவ்வாய்க்கிழமை யோகா, சனிக்கிழமை பிலாட்டீஸ், வீட்டிலும் ஒன்றுவிட்ட ஒரு நாள் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்றாள்.

"பேரக் கேட்டாத் திங்கிற சாமான் மாதிரி இரிக்கி" என்றாள் நஃபீஸா. "சீனிக்காரருக்கு ஆகுமா டீச்சர்?"

"அது ஒரு மனுசன்ட பேர் ராத்தா. நடுவுடம்பப் பலப்படுத்துற பயிற்சி. யோகாவ விடத் தேவையில்ல. ரெண்டும் ஒண்டையொண்டு தாங்கும்."

றைஸாவுக்கு மூளை ஓடத் தொடங்கியது. பழையது நல்லதென்றால் புதியது ஏன்? புதியது வேண்டுமென்றால் எட்டு மாதமாகச் செய்தது என்ன? அதைவிடப் பெரிய சந்தேகம் மூச்சில் வந்தது. செவ்வாய்க்கிழமை மூச்சை இழுத்தால் வயிறு மெல்ல எழும்ப வேண்டுமாம். சனிக்கிழமை அதே மூச்சை இழுத்தால் வயிறு எழும்பக் கூடாது, விலா மட்டும் விரிய வேண்டுமாம். செவ்வாய் மூக்கால் விட வேண்டும், சனி வாயால் ஊத வேண்டும். ஒரே வாய் இரண்டு கதை சொன்னால் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். இதுதான் அவளுடைய கணக்கு.

மூன்றாவது சனிக்கிழமை, மல்லாந்து கிடந்து முழங்கால்களை மடித்து மேலே வைத்து, ஒவ்வொரு காலாக இறக்கி விரலால் நிலத்தைத் தொட்டு எடுக்கிற பயிற்சி நடந்தது. சுலக்ஷனா நடந்து நடந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "அடிவயித்த உள்ளுக்கு எடுங்க. சீலையால சுத்திக் கட்டின மாதிரி. கட்டு அவிழாமல் காலை இறக்குங்க."

றைஸாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

இது பிள்ளை பெற்ற வயிற்றுக்குக் கட்டுகிற கட்டு! மூன்று பிள்ளைக்கும் நாற்பது நாள் நாற்பது நாளாக, மூச்சு முட்ட முட்ட, ஆசியா உம்மா முழங்காலை இடுப்பில் ஊன்றி இழுத்து இழுத்துக் கட்டிவிட்ட கட்டு. அந்த நாட்களில் அவளுடைய நாரி எவ்வளவு திடமாக இருந்தது! நம்முடைய உம்மாமார் செய்ததைத்தான் இவள் கொழும்பில் போய்க் காசு கட்டிப் படித்து, வேறு பேர் வைத்து நமக்கே கொண்டுவந்து தருகிறாள். களவைப் பிடித்துவிட்ட சந்தோசம் றைஸாவுக்கு. இரகசியம் தெரிந்த பிறகு ஏன் கஷ்டப்பட்டு வயிற்றை இழுக்க வேண்டும்?

வீட்டுக்குப் போய்ப் பழைய வொயில் சாரி ஒன்றை நெடுக்காகக் கிழித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றைச் சுற்றி ஐந்து சுற்று, பக்கத்தில் ஒரு முடிச்சு, அதற்கு மேல் அபாயா. வகுப்புக்கும் அதோடு போனாள், திரும்பவும் போகத் தொடங்கியிருந்த இறால் கொட்டிலுக்கும் அதோடு போனாள். குளிக்கவும் படுக்கவும் மட்டும் அவிழ்த்தாள்.

அடுத்த வகுப்பில் மற்றவர்களுடைய கால்கள் ஆடின, இடுப்புகள் ஆடின, நஃபீஸா நடுவில் கவிழ்ந்துவிட்டாள். றைஸா பலகை மாதிரிக் கிடந்து இரண்டு காலையும் மாற்றி மாற்றி இறக்கினாள்.

"பாருங்க றைஸா ராத்தாவ!" என்றாள் சுலக்ஷனா. "இதுதான் வேணும்."

"ரகசியமாச் செய்றா டீச்சர். ராத்தா எப்பவும் அப்படித்தான்" என்றாள் நஃபீஸா மூச்சுவாங்க.

நஃபீஸாவுக்குத் தெரிந்துவிட்டதோ என்று றைஸா அபாயாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். தெரியவில்லை. ஐந்து கிழமை இப்படிப் போனது. ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். கட்டோடு இருக்கிறபோது நாரி நன்றாக இருந்தது, அவிழ்த்தால் முந்தியைவிட மோசமாக இருந்தது. குளிக்கப் போகிறபோது இடுப்பு தன்னுடையது இல்லாத மாதிரித் தொளதொளத்தது.

நோன்புக்குப் பதினாறு நாள் இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிணற்றடியில் குளித்துவிட்டுச் சவர்க்காரப் பெட்டியை எடுக்கக் குனிந்தாள். பாரமான சாமானே இல்லை. சவர்க்காரம். நாரி பிடித்த பிடியில் அங்கேயே நாலு காலில் விழுந்தாள். லத்தீபும் ஆசியா உம்மாவும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். மூன்று நாள் எழும்ப முடியவில்லை.

"நான் அண்டைக்கே சொன்னன்" என்றார் ஆசியா உம்மா, தைலத்தைத் தேய்த்துக்கொண்டே. "பேர மாத்தி வெச்சாச் சாமான் மாறிருமா?"

"உம்மா, சும்மா இரிங்க" என்றார் லத்தீப். பிறகு அவரே வாசலில் நின்று யோசித்துவிட்டு, "ஆனா அந்தப் புள்ள எங்க படிச்சதெண்டு ஆராவது விசாரிச்சதா?" என்று கேட்டார்.

றைஸா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இரண்டு கதை சொன்ன வாய். லேசாகத் தந்த போன். உடம்பைத் திறந்துவிட்டுக் கொண்டி போடாமல் விட்டவள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. நோன்பு வருகிறது, பின்வரிசைக் கதிரை காத்துக்கொண்டிருக்கிறது. அவள் அழவில்லை. அழுது சொல்ல இடமில்லை.

நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. கட்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, லத்தீபின் த்ரீவீலில் ஏறித் தையல்கடைக்குப் போனாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "டீச்சர், உங்கட பிலாட்டீஸ் என்னக் கிடத்திட்டு. என்ன செஞ்சீங்க எனக்கு?"

சுலக்ஷனா பாயொன்றை இழுத்து விரித்தாள். "படுங்க ராத்தா, பாப்பம். முழங்கால மடிச்சு வையுங்க. ஒண்டும் செய்ய வேணாம், மூச்சு மட்டும் விடுங்க." பக்கத்தில் முழந்தாளிட்டு, அபாயாவுக்கு மேலால் விலாவின் கீழே கை வைத்தாள். கை அங்கேயே நின்றது. திரும்பவும் தடவிப் பார்த்தாள்.

"இதென்ன, கட்டியா?"

"முடிச்சு."

"என்ன முடிச்சு?"

"நீங்கதானே கட்டச் சொன்னீங்க" என்றாள் றைஸா.

நஃபீஸா ஊர்ந்து வந்து தானும் தொட்டுப் பார்த்தாள். "யா அல்லாஹ்! வயித்துக்கட்டு! ராத்தா, ஆம்பிளப் புள்ளயா, பொம்புளப் புள்ளயா? ஒரு வார்த்த சொல்லல்லயே!"

சிரிப்பு யன்னல் சாரத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்கும். றைஸா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சுலக்ஷனா மட்டும் சிரிக்கவில்லை. "எத்தன நாளா?"

"அஞ்சு கிழமை."

"வேலைக்கும்?"

"ஓம்."

"ராத்தா, நான் சொன்னது உங்கட சதையால கட்டுறது. சீலை கட்டினா சீலைதான் வேலை செய்யும். சதை நித்திரை கொள்ளும். அஞ்சு கிழமை நித்திரை கொண்ட சதை, நீங்க குளிக்கக்குள்ள மட்டும் எப்பிடி எழும்பும்?" அவள் நிறுத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "பிழை என்னிலயும் இருக்கு. அபாயாவுக்கு மேலால பாத்தே நான் உங்களுக்குப் புள்ளி போட்டுட்டன். கை வெச்சுப் பாத்திருக்கோணும்."

ஒரு டீச்சர் தன் பிழையைத் தானே சொல்வதை றைஸா அதற்கு முந்திக் கண்டதில்லை. முகத்திலிருந்து கையை எடுத்து, மீன்காரனைப் பார்க்கிற பார்வையால் அவளைப் பார்த்தாள். சுலக்ஷனா கண்ணை எடுக்கவில்லை.

திரைக்குப் பின்னால் போய்க் கட்டை அவிழ்த்துவிட்டு வந்து படுத்தாள். காலைத் தூக்க வேண்டாம், குதியை மட்டும் ஒரு விரற்கடை எழுப்பு என்றாள் சுலக்ஷனா. வாயால் ஊதிக்கொண்டே றைஸா எழுப்பப் பார்த்தாள். அடிவயிறு ஆடின ஆட்டத்தை அவளால் நம்ப முடியவில்லை. பிடித்துப் போட்ட இறால் மாதிரித் துடித்தது.

"அந்த ஆட்டம் நல்லது" என்றாள் சுலக்ஷனா. "எழும்புது."

"அப்ப மூச்சு?" என்றாள் றைஸா. இத்தனை கிழமையாக உள்ளே வைத்திருந்த கேள்வி. "செவ்வாய்க்கு ஒரு கதை, சனிக்கு ஒரு கதை. எது பொய்?"

"ராத்தா, ஐஸ் பெட்டி தூக்கக்குள்ளயும், புள்ளயத் தாலாட்டக்குள்ளயும் ஒரே மாதிரியா மூச்சு விடுறீங்க? செவ்வாய்க்கிழமை மூச்சு உடம்ப இளக்க. சனிக்கிழமை மூச்சு பாரம் வரக்குள்ள பிடிக்க. ரெண்டும் உங்கட மூச்சுத்தான்."

றைஸா அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் சுபஹுக்குப் பிறகு, பூனை நிலையில் முதுகை வளைத்துத் தளர்த்தியபின், மல்லாந்து படுத்துக் குதியை எழுப்பினாள். பத்துத் தரம். அதற்கு மேல் முடியவில்லை. அதற்கடுத்த நாள் பன்னிரண்டு. சீலையை நம்புவது லேசாக இருந்தது. கட்டினால் கையில் முடிச்சுத் தெரியும். சதை அப்படியல்ல. உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்க்க வேண்டும். தேடிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கப்பட்ட வேலைதான்.

நோன்பு வந்தது. அவளால் முடியவில்லை. முதல் நாள் கதிரையில் இருந்தாள், பத்தாம் நாளும் கதிரையில் இருந்தாள். பக்கத்து மூதாட்டி இப்போது அவளுக்காக இடம் பிடித்து வைத்தது. பகலில் பயிற்சி செய்து தாகத்தோடு கிடக்காமல், பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பின் நோன்பு திறக்கக் கொஞ்சம் முந்தி, பாதியளவாகச் செய்தாள். சுலக்ஷனா அப்படித்தான் சொல்லியிருந்தாள். "அடுத்த நோன்புக்குச் சரிவரும் ராத்தா, அவசரப்படாதீங்க" என்றும் சொல்லியிருந்தாள். "சரிவரும்" என்ற சொல்லைக் கேட்டதும் றைஸாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் பயிற்சியை விடவில்லை.

இருபத்திரண்டாம் நோன்பு. பிற்பகல். லத்தீப் ஹயர் போயிருந்தார், பிள்ளைகள் வெளியே, ஆசியா உம்மா கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். றைஸா அறைக் கதவைச் சாத்தி, அஸருக்கு முந்தின சுன்னத்துத் தொழுகைக்காக முஸல்லா விரிப்பை விரித்தாள். யாரும் பார்க்காத இடத்தில் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். தோற்றால் தனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ருகூஃவுக்குக் குனிந்து நிமிர்ந்தாள். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னாள். அடிவயிற்றை உள்ளே தேடினாள், இருந்தது. மெல்ல மூச்சை விட்டுக்கொண்டு முழங்கால்களை இறக்கினாள். கைகளை ஊன்றினாள். வழக்கமாகப் பிடிக்கிற அந்தப் பாதி வழி வந்தது. அங்கே நின்று நோவுக்காகக் காத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினாள். ஏமாற்றிவிட்டுப் பிறகு வரப் பார்க்கிறதோ என்று நினைத்தாள். முஸல்லாவின் நூல்வாசம் மூக்கில் ஏறியது. மூக்கு பட்டது, நெற்றி பட்டது.

நோவு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டே இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹைச் சொன்னாள். மூன்று தரம் சொன்னாள். வரவில்லை. நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனது கேட்காமல் பேசத் தொடங்கிவிட்டது. ஒன்றரை வருடத்துக் கதை. இறால் கொட்டில் கதை, மூத்தவள் அக்கீலா யாருக்கோ போனில் எழுதுகிற கதை, லத்தீபின் இருமல், உடப்புப் பிள்ளையைப் பற்றித் தான் நினைத்த நினைப்புகள், அவற்றில் எவை அநியாயம், எவை இன்னும் விளங்கவில்லை என்பது வரைக்கும். கண்ணீர் மூக்கின் ஓரத்தால் வழிந்து முஸல்லாவில் விழுந்தது.

வெளியே ஆசியா உம்மா கதவைத் தட்டினார். "மகள்! கஞ்சிக்குத் தேங்காய் எங்க? மகள்! சத்தத்தக் காணல்ல, உசிரோட இரிக்கியா?"

றைஸா எழும்பவில்லை. இன்னும் பாதிகூடச் சொல்லி முடியவில்லை.